விரல் நுனியில் காட்ட முடிகிற வலி

2008 பிப்ரவரி 10, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி நாலு ஐம்பது. கடற்கரைச் சாலையில், பழைய கலங்கரை விளக்கத்துக்கு எதிரே, நாலு பேர். நீ இருந்தபோதும் நாலு பேர்தான். இப்போது உன் இடத்தில் ரோஸ்லின் நிற்கிறாள்.

இதை மத்தியானம் உட்கார்ந்து எழுதுகிறேன். இடது கால் ஐஸ் வாளிக்குள் இருக்கிறது. குருசுக்குப்பத்தில் மீன் பெட்டிக்குப் போடும் ஐஸ்தான், நீ கண்டுபிடித்த வைத்தியம். அறை முழுக்க மீன் நாற்றம். அதற்கு அடியில் லேசாகத் தைலத்தின் வாசனை. அந்த வாசனை வரக்கூடாது என்பதற்காகத்தான் விடியற்காலையில் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் காலைக் கழுவினேன். நீ இல்லாத இடத்திலும் உன் மூக்குக்குப் பயந்தேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும். ஓடுவதற்கு முன்னால் எல்லோரையும் வரிசையாக நிற்க வைப்பாய். குனிந்து ஒவ்வொருவர் காலாக மோந்து பார்ப்பாய். "யார்றா அது தைலம் பூசிக்கினு வந்திருக்கிறது? மரியாதையா எங்க வலின்னு சொல்லிடு." எந்த இடம் வலிக்கிறதோ அதுதான் அதன்பிறகு அவன் பெயர். வங்கியில் வேலை பார்க்கும் ஆறுமுகம் அண்ணன் உன் புண்ணியத்தில் முட்டி ஆனார். பள்ளிக்கூட வாத்தியார் ஸ்டீபன் குதிகால் ஆனார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தபோதுகூட அவர் உறையின்மேல் "அனுப்புநர்: குதிகால்" என்று எழுதியிருந்தார்.

உன்னையும் நீ விட்டுவைக்கவில்லை. அரை சைஸ் சின்ன ஷூவைத் தள்ளுபடியில் வாங்கினாய். நீண்ட ஓட்டத்தில் பாதம் வீங்கும், விரலுக்கு முன்னால் இடம் வேண்டும், திருப்பிக் கொடு என்றேன். "தோல் ஷூடா, போடப் போட விட்டுக் கொடுக்கும்" என்றாய். அது தோலும் இல்லை, விட்டும் கொடுக்கவில்லை. இரண்டு கட்டை விரல் நகங்களும் கறுத்து விழுந்தன. மறு ஞாயிறு நீயே முன்னால் வந்து நின்று, "இனிமே என் பேரு நகம்" என்று அறிவித்தாய். ஷூ விஷயத்தில் நான் சொன்னது சரி. இன்றைக்கும் சரி. ஆனால் நகம் விழுந்ததை நீ மறைக்காமல் நாலு பேர் முன்னால் சொன்னாய். எனக்கு அது வராது.

எனக்கு மட்டும் நீ பெயர் வைக்கவே இல்லை. அதை நான் பெருமையாக எடுத்துக்கொண்டேன். சரியாகப் பயிற்சி செய்கிறவன், வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் கூட்டலாம் என்று கணக்குத் தெரிந்தவன், எனக்கு எப்படி அடிபடும்? குதிகால் ஒரு நாள் உன்னிடமே கேட்டார். "இவனுக்கு மட்டும் ஏன்பா பேரு இல்ல?" நீ ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே, "அவன் காலை மேட்டுப்பாளையத்துக்குக் கொண்டுபோயி சாயத்துல முக்கினாத்தான் தெரியும் சார்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பின் அர்த்தம் நமக்குத்தான் முழுசாகத் தெரியும். மேட்டுப்பாளையத்து ஆலையில் ஒரே மேசையில் நாம் செய்த வேலை அது. இரும்பு உறுப்பின்மேல் சிவப்புச் சாயம் பூசி, துடைத்து, வெள்ளைப் பொடி அடித்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்பாகக் கோடு கசியும். கோடு தெரிந்தால் தள்ளுபடி. பேச்சே கிடையாது. மேலாளர் வந்து கெஞ்சினாலும் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

கால் விஷயத்தில் நமக்கு ஒரே ஒரு விதிதான் இருந்தது. அதைச் சொன்னவன் நீ. "பரவலா வலிச்சா மெதுவா ஓடு. விரல் நுனிய வச்சி இங்கதான்னு காட்ட முடிஞ்சா உக்காரு." அதற்கு மேல் எல்லாவற்றிலும் சண்டை போட்டிருக்கிறோம். வாழைப்பழம் ஓட்டத்துக்கு முன்னாலா பின்னாலா, ஒரு சாக்ஸா இரண்டு சாக்ஸா என்று. அந்த விதியில் மட்டும் நான் உன்னை மறுத்ததில்லை.

இன்று காலை என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

நீ போன பிறகு வரிசையில் கேள்வி கேட்கிறவன் நான். குரல் பெரிது, அவ்வளவுதான் தகுதி. முட்டி, "அதே முட்டிதான்" என்றார். குதிகால், "இன்னைக்கு விடுமுறை, வலியே இல்ல" என்றார். ரோஸ்லின் தயங்கினாள். கணினி சொல்லிக்கொடுக்கிற பெண். சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. குனிந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பின் உள்பக்கம் ஒரு விரலை வைத்தாள். "இங்க மட்டும்ணா. தொட்டாலே வலிக்குது."

அதே இடம். என் இடது காலில், நீளமான சாக்ஸுக்கு உள்ளே, இரண்டு சுற்று பிளாஸ்திரிக்கு அடியில், அதே இடம்.

அவளை உட்காரச் சொன்னால் நானும் உட்கார வேண்டும். அடுத்த மாதம் சென்னையில் ஓட்டம். "புதுசா ஓடறவங்களுக்கு அப்படித்தான் இருக்கும். சூடேறினா சரியாயிடும், வா" என்றேன். அவள் நம்பினாள்.

திரும்பி வரும்போது குருசுக்குப்பத்தில் கரையேற்றி வைத்திருந்த படகின்மேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். கால் ஊன்ற முடியவில்லை. ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார். அழுதுகொண்டே ரோஸ்லின் என்னிடம், "சாரிண்ணா, உங்க எல்லாருக்கும் ஓட்டம் கெட்டுப்போச்சு" என்றாள். என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

ஆட்டோ வந்தது. குதிகாலும் முட்டியும் அவளைக் கைத்தாங்கலாக ஏற்றினார்கள். ஏறப்போன முட்டி அண்ணன் நின்று என்னைப் பார்த்தார். "நீ ஏன்டா ஒரு மாதிரி நிக்கிற? உனக்கு எங்க வலி?"

"எனக்கா? ஒண்ணும் இல்லண்ணா."

குதிகால் வாத்தியார் அவள் காலை ஆட்டோவுக்குள் தூக்கி வைத்துக்கொண்டிருந்த அதே நிமிடத்தில் அப்படிச் சொன்னேன். கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்தார்களாம். எலும்பில் மெல்லிய கோடு. ஆறு வாரம் ஊன்றக் கூடாது. முட்டி அண்ணன் போனில் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தபோது என் கால் இந்த வாளிக்குள்தான் இருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் உன் நினைவாக ஓடுகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். உன் அம்மாவிடமும் சொன்னேன். அவர்கள் என் தலையில் கை வைத்துச் சிலுவை போட்டார்கள். உண்மை வேறு. இருபத்தொரு கிலோமீட்டரை நீ ஒரு மணி நாற்பத்தொரு நிமிடத்தில் முடித்தாய், விழுந்த நகத்தோடு. என்னால் ஒரு தடவைகூட அதைத் தொட முடியவில்லை. அதை முந்த வேண்டும். அதற்குத்தான் இந்தப் பிளாஸ்திரி, இந்தச் சோப்பு, எல்லாம். இனிமேல் ஓட முடியாத உன்னோடு நான் போட்டி போட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு உன் அம்மாவிடம் ஆசீர்வாதமும் வாங்கினேன்.

மஞ்சள் காமாலையோடு நீ கோரிமேட்டில் படுத்திருந்த கடைசி வாரம் அடிக்கடி ஞாபகம் வருகிறது. கண் முழுக்க மஞ்சள். பேசவே சிரமம். என்னை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, "வலது கால்லயே நிக்கிற. எங்க வலிக்குது?" என்றாய். அப்போது அது லேசான வலி. பரவலாகத்தான் இருந்தது. ஆனால் நோயாளிக்கு எதிரில் என் வலியைப் பேசுவதா என்று, "ஒண்ணும் இல்லடா" என்றேன். நீ சிரித்தாய். "உனக்குப் பேரு வைக்காமலே போயிடுவேன் போலக்கீது." நான் பேச்சை மாற்றி, ஆலையில் வந்த புது இயந்திரத்தைப் பற்றிப் பேசினேன். நீ மரியாதையாகக் கேட்டுக்கொண்டாய்.

ஐஸ் கரைந்துவிட்டது. அழுத்திப் பார்த்தேன். விரல் நுனியில் காட்ட முடிகிறது.

செய்யப்போவது:

1. நாளைக்கு விடுப்பு. கோரிமேட்டில் படம். கோடு தெரிந்தால் தள்ளுபடி, பேச்சு கிடையாது.

2. அங்கிருந்து நேராக ரோஸ்லின் வீடு. அவள் அப்பா அம்மா எதிரிலேயே சொல்ல வேண்டும்: அதே இடத்தில் எனக்கும் வலி இருந்தது, தெரிந்துதான் ஓடச் சொன்னேன். "எல்லாருக்கும் வர்றதுதான்" என்று அவர்கள் என்னைத் தேற்றினால் ஒத்துக்கொள்ளக் கூடாது. ஆறு வாரமும் அவளை வேலைக்குக் கொண்டுபோய் விட ஆள் வேண்டும். தெரிந்தவர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

3. சென்னைக்குப் போகிறேன். முட்டிக்கும் குதிகாலுக்கும் தண்ணீர் எடுத்துக் கொடுக்க. உன் ஒரு மணி நாற்பத்தொன்று உன்னிடமே இருக்கட்டும்.

4. உன் அம்மாவிடம் போட்டி விஷயத்தைச் சொல்வது. இது எப்படி என்று இன்னும் தெரியவில்லை.

5. வருகிற ஞாயிறு, நாலு ஐம்பது. தைலம் பூசிக்கொண்டு, கழுவாமல் வருவேன். கேள்வியை முட்டி அண்ணன் கேட்கட்டும். வரிசையில் கடைசியாக நிற்பேன். விரலை வைத்துக் காட்டுவேன். எலும்பு என்றோ, விரிசல் என்றோ, அவர்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பேன்.