நினைவு மலரில் நாலு பக்கம்

மில்லிக்கன்
14 ஜனவரி 2025

மதுராவுக்கு,

றொய்சனின் அப்பா அமிர்தநாதர் எழுதுகிறேன். மூன்று வருடத்தில் உமக்கு நான் எழுதும் முதல் மின்னஞ்சல் இது.

முப்பத்தோராம் நாள் பூசை பெப்ரவரி இரண்டாம் திகதி, ஞாயிறு. அன்றைக்கு நினைவு மலர் கொடுக்கவேண்டும். எங்கடை மலர்கள் எப்படித் தொடங்கும் என்று உமக்கும் தெரியும்தானே. பிறந்த ஊரின் கடல் வளம், வயல் வளம், பழம்பெருமை, அதற்குப் பிறகுதான் ஆள். றொய்சன் பிறந்தது இங்கே ரொறன்ரோவில், பார்க்டேல் பகுதியில், பதினோராம் மாடி அப்பார்ட்மென்ற் ஒன்றில். அங்கே எந்த வளத்தை எழுதுகிறது? ஆகையால் அவன் கண்மூடிய அந்தச் சீன ஊரை எழுதலாம் என்று நினைத்தேன். தையுவான் என்ற பெயரைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. அவன் சொல்ல வந்தபோதெல்லாம் போனை வைத்தவன் நான்.

ஆறு, மலை, பழைய சரித்திரம், இவ்வளவும் போதும். வேறு விஷயம் எழுதவேண்டாம்.

இப்படிக்கு,
ம. அமிர்தநாதர்


தையுவான்
17 ஜனவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருந்தது, அதனால் பிந்திவிட்டது. குறை நினைக்காதீர்கள்.

தையுவான், ஷான்சி மாகாணத்தின் தலைநகர். கிழக்கு, மேற்கு, வடக்கு மூன்று பக்கமும் மலை. தெற்கு மட்டும் திறந்து கிடக்கிறது. ஊரின் நடுவால் ஃபென் ஆறு வடக்கிலிருந்து தெற்கே போகிறது. மலைகளில் நிலக்கரி. ஆறு இப்போது உறைந்திருக்கிறது. அதன் கரை வீதியில்தான் அவருடைய ஸ்கூட்டர் சறுக்கியது. இதை மலரில் போடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

பழைய பெயர் ஜின்யாங். இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன் கட்டிய நகரம். கட்டிய அமைச்சர் கெட்டிக்காரர். மாளிகைச் சுவருக்குள் அம்புக்கான நாணலை வைத்துப் பூசினாராம், தூண்களைச் செம்பில் வார்த்தாராம். முற்றுகை வந்தபோது சுவரை உடைத்து அம்பு எடுத்தார்கள், தூணை உருக்கி அம்புமுனை செய்தார்கள். எதிரி ஆற்றைத் திருப்பி ஊருக்குள் விட்டான். அடுப்புக்குள் தவளை குடியேறியது, சனம் பானையைத் தொங்கவிட்டுச் சமைத்தது. அந்தத் தவளையில் றொய்சனுக்குச் சரியான விருப்பம். வகுப்பில் இந்தக் கதையை ஆங்கிலத்தில் சொல்லும்போது தவளை மாதிரிக் கத்தியும் காட்டுவார். பக்கத்து வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருக்கும் எனக்குக் கேட்கும்.

அன்றைக்குத் தப்பிய ஊர், ஆயிரத்து நானூறு வருடம் கழித்துத் தப்பவில்லை. ஒரு பேரரசன் அதை எரித்தான். அடுத்த வருடம் ஆற்றையும் திருப்பி விட்டான். பிறகு வடக்கே தள்ளிப் புதிய ஊர் கட்டினார்கள். நாங்கள் இருப்பது அதில்.

வேறு விஷயம் வேண்டாம் என்றீர்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். மலரில் 'இன்னாரின் அன்புக் கணவரும்' என்று வரும் வரியில் என் பெயர் வரவேண்டும். நான் சைவம், எங்கள் கலியாணம் தேவாலயத்தில் நடக்காமல் மட்டக்களப்புப் பதிவுக் கந்தோரில் நடந்தது என்பதற்காக நீங்கள் அதை ஏற்கவில்லை. இங்கே ஏற்றார்கள். மனைவி என்று நான் கையெழுத்து வைத்தபடியால்தான் அவருடைய சாம்பல் உங்களிடம் புறப்பட்டது.

ஒரு செய்தி இருக்கிறது. அந்த வரியைப் பார்த்த பிறகு சொல்கிறேன்.

மருமகள்
மதுரா


மில்லிக்கன்
22 ஜனவரி 2025

அன்புள்ள மகள் மதுராவுக்கு,

சாம்பல் நேற்று வந்து சேர்ந்தது. சின்னப் பெட்டி. உம்முடைய மாமி அன்ரனெற் அதை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறா, வாங்க விடுகிறா இல்லை. உம்முடைய கடிதத்தை இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். தவளை வந்த இடத்தில் சிரித்துவிட்டு, பிறகு அழுதா.

தையுவான் கட்டுரை மலரில் நாலு பக்கம் வந்திருக்கிறது. தவளையை எடுக்கச்சொல்லி மூத்தவன் ஜஸ்ரின் நின்றான். நான் விடவில்லை.

உம்முடைய வரியைப் பற்றி யோசிக்காதேயும். ஜஸ்ரினின் மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறோம், மாப்பிள்ளை பகுதியும் பூசைக்கு வருகிறது, ஆகவே கொஞ்சம் பக்குவமாகச் செய்யவேண்டும். ஆனால் செய்வேன். செய்தியை இப்போதே சொல்லுமன்.

அன்புடன்
மாமா


தையுவான்
27 ஜனவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

அச்சுக்குப் போகுமுன் அந்த ஒரு வரியை மட்டும் படம் எடுத்து அனுப்புங்கள். மாமியின் மடியில் அவர் இருக்கிறார் என்று அறிந்ததில் எனக்குக் கொஞ்சம் நித்திரை வந்தது.

மதுரா


மில்லிக்கன்
3 பெப்ரவரி 2025

அன்பு மகளே,

மலரை இத்துடன் இணைத்திருக்கிறேன். நல்ல பனி, என்றாலும் பூசைக்கு முந்நூறு பேர் வந்தார்கள். பிறகு ஹோலில் சாப்பிடும்போது எல்லோருக்கும் தையுவான் கதைதான். இப்படி ஒரு மலர் ரொறன்ரோவில் வந்ததில்லை என்றார்கள்.

உம்முடைய பெயர் அச்சகத்தில் விடுபட்டுப்போனது என்று எழுதி, அழித்துவிட்டேன். புரூஃபில் பெயர் இருந்தது. நான்தான் வெட்டினேன். மாப்பிள்ளை பகுதி என்ன நினைக்கும் என்ற பயம். ஆனால் உம்மை அடியோடு விடவில்லை. கட்டுரையின் கீழே 'தகவல் உதவி: செல்வி மதுரா, தையுவான்' என்று போட்டிருக்கிறேன். நான் உம்மை மகள் என்றுதானே எழுதுகிறேன். மனதில் வைக்கவேண்டாம். அந்தச் செய்தி என்ன?

அன்புடன்
மாமா


தையுவான்
6 பெப்ரவரி 2025

திரு. ம. அமிர்தநாதர் அவர்களுக்கு,

மலர் கிடைத்தது. ஆறு இருக்கிறது, மலை இருக்கிறது, எரித்த அரசன்கூட இருக்கிறான். நான் செல்வி.

எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்கப்போவதில்லை. ஒருவரும் பார்க்காத மின்னஞ்சலில் மகள் என்றீர்கள். முந்நூறு பேர் பார்க்கும் கடதாசியில் வெட்டினீர்கள்.

செய்தி இதுதான். எனக்கு ஐந்து மாதம். பெண்பிள்ளை. றொய்சனுக்குத் தெரியும். தானே உங்களுக்குச் சொல்லவேண்டுமென்று நத்தார்ப் பெருநாளன்று அழைத்தார். நீங்கள் எடுக்கவில்லை.

அவள் இந்த ஊரில்தான் பிறப்பாள். உங்கள் நாலு பக்கமும் இனி அவளுடைய பிறந்த ஊரின் வளம். மாமிக்கு நான் தனியாக எழுதுவேன், படமும் அனுப்புவேன். உங்களுக்கு இதுதான் கடைசி.

ஒருநாள் உங்களுக்கும் மலர் அடிப்பார்கள். பேரப்பிள்ளைகள் என்ற வரியை ஜஸ்ரினின் பிள்ளைகளோடு நிறுத்தச் சொல்லிவையுங்கள். தகவல் உதவி கேட்டு எனக்கு ஒருவரும் எழுதவேண்டாம்.

திருமதி மதுரா றொய்சன்