தெருவே வழிவிடும் பெண்

மெம்பிஸ்
2 ஏப்ரல் 2019

அன்பு மகள் டெவோனாவுக்கு,

"என் பின்னல் அப்பாவுக்கு வெக்கமா, உங்களுக்கா?" என்று உன் அப்பாவை அடக்கம் செய்த அன்று தேவாலய வாசலில் கேட்டாய். உன்னைக் கடைசி வரிசைக்கு அனுப்பினேன். கறுப்பினப் பெண்கள் நம் சுருண்ட முடியை நேராக்கி வந்தால்தான் சபையில் மரியாதை என்று நம்பியவள் நான். அன்று போனவள், நான்கு வருடமாக நீ வீட்டுப் பக்கம் வரவில்லை.

சனிக்கிழமை எர்னஸ்டீனின் பார்லரில் இருந்தேன். வானொலியில் ஒரு ராப் பாட்டு. கறுத்த தோலையும் அகன்ற மூக்கையும் சுருண்ட முடியையும் ஒருத்தி மகாராணியைப் பாடுவதுபோல் பாடினாள். முடி உலர்த்தும் டிரையருக்கு அடியில் இருந்தவர்கள் தலையை வெளியே எடுத்தார்கள். எண்பது வயது ஒடெஸா விக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "அடியே, இத்தன நாளா இந்தப் பொண்ணு எங்கடி இருந்தா?" என்றாள்.

"நம்ம டீச்சரோட பொண்ணுதான். டீச்சருக்கு மட்டும் தெரியல," என்றாள் எர்னஸ்டீன்.

வகுப்பில் திரும்பிப் பார்க்காமலே எந்தப் பிள்ளை பேசுகிறது என்று சொல்லிவிடுபவள் நான். உன் குரல் எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு உயரத்தில் இருந்தது அது.

வெட்கம் எனக்குத்தான், மகளே. மன்னித்துவிடு. ஒன்று கேட்கிறேன்: பாட்டில் தெருவே வழிவிட நடக்கிறாளே, அவள் யார்?

அம்மா

அட்லாண்டா
11 ஏப்ரல்

அம்மா,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் பிரிக்கவில்லை. பாட்டைச் சிவப்பு மையில் திருத்தி அனுப்பியிருப்பீர்கள் என்று பயம்.

அவள் நீங்கள்தான். நீங்கள் பள்ளிக்கு நடக்கும்போது, பேருந்து நிறுத்தத்தில் வம்பளக்கும் ஆண்கள்கூட எழுந்து, "டீச்சரம்மா வராங்கடா, சிகரெட்டக் கீழ போடு" என்பார்களே. ஏழு வயதில் உங்கள் கையைப் பிடித்தபடி நான் பார்த்த அழகு அது. அது உங்களுக்கே தெரியவில்லை என்பதுதான் என் கோபமெல்லாம்.

ஜூன் எட்டாம் தேதி மெம்பிஸில் பாடுகிறேன். வீட்டுக்கு வர இன்னும் மனம் துணியவில்லை. நீங்கள் வருவீர்களா?

டெவோனா

மெம்பிஸ்
22 ஏப்ரல்

டெவோனா கண்ணே,

உன் கடிதத்தோடு கண்ணாடி முன் வெகுநேரம் நின்றேன். அறுபத்தெட்டு வயதில் ஒருத்தியைப் புதிதாகச் சந்தித்ததுபோல் இருந்தது.

வருகிறேன். எர்னஸ்டீனும் ஒடெஸாவும்கூட வருகிறார்கள். "நீங்க கை தட்டுனாப் போதும் டீச்சர், பாடி எங்க மானத்த வாங்காதீங்க" என்கிறாள் ஒடெஸா. ஆனால் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லித்தந்ததுபோல, ஒவ்வொரு வரியாகக் கையால் மூடி, மூடியதைச் சொல்லிச் சொல்லி, முழுப் பாட்டையும் மனப்பாடம் செய்துவிட்டேன். ஒரு வாரம் பிடித்தது.

அன்று மேடையில், பாட்டின் பாதியில் நீ நிறுத்திவிட்டு, கூட்டம் பாடுவதைக் காது கொடுத்துக் கேள்.

உன் அம்மா