அவர் பாதையில் நான் கும்பிட்டது

சாலைக் கடைத்தெருவுக்கு ஆணிக்கடை அண்ணாச்சியாகவும், எனக்கு மட்டும் அப்பாவாகவும் இருந்த உங்களுக்கு,

நேற்று வஞ்சியூர் கோர்ட்டில் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னார்கள். கார் உங்கள் மகளுடையது. ஒடிந்த கால் வேறொருவருடையது. நடுவில் பிள்ளையார் இருந்தார். சிரிக்காதீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

ஆரியசாலைத் திருப்பத்துச் சின்னப் பிள்ளையாரைத் தாண்டும்போதெல்லாம் நீங்கள் வலது கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து நெற்றியில் இரண்டு குட்டுக் குட்டிக்கொள்வீர்கள். பக்கத்துச் சீட்டிலிருந்து நான் சண்டைக்கு வருவேன்.

"திருப்பத்துல கையை எடுக்காதீங்கப்பா."

"அவரு பாத்துக்குவாரு."

"அவருக்கு லைசென்ஸ் இருக்கா?"

"உனக்கு பிசிக்ஸ் தெரியும். அவருக்கு என்னைத் தெரியும்," என்பீர்கள்.

நீங்கள் போய் மூன்று வருஷமாகிறது. வெகுநாள் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. நீங்கள் போன மறுமாதமே அந்தத் திருப்பத்தில் என் கையும் எழத் தொடங்கியது. நானாக எழுப்பியதில்லை. நம்பிக்கை எதுவும் புதிதாக வந்துவிடவுமில்லை. கல்லூரியில் இன்னும் விசையும் முடுக்கமும்தான் நடத்துகிறேன். ஆனால் அந்த இடம் வந்தால் கை போய் நெற்றியில் இரண்டு முறை குட்டிவிட்டு வந்துவிடும். அது உங்கள் கையா, என் கையா?

போன கர்க்கடகத்தில், நம் ஆடி மாதம், மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு காலையில், கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் சாலை இடப்பக்கம் வளைகிறது. என் கை மேலே போயிற்று. சாலை வளைந்தது, கார் வளையவில்லை. இருபது கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் ஐந்தரை மீட்டர் கடக்கும். இரண்டு குட்டுக்கு ஒரு நொடி ஆகாதா?

எதிரே ஒருவர் பைக்கில் வந்தார். பின்னால் டைல்ஸ் வெட்டும் மிஷினைக் கட்டியிருந்தார், முன்னால் ஒரு பை வெள்ளை சிமென்ட். அவருடைய வலது கையும் நெற்றியில் இருந்தது. எதிரெதிரே வந்த இரண்டு பேர், இரண்டு பேர் கையும் நெற்றியில், இரண்டு பேரும் ஒரே கல்லைப் பார்த்தபடி. கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து அதைப் பார்த்தேன். மோதும் சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது.

அவர் பெயர் செல்வராஜ். தென்காசிப் பக்கம். தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிற வேலை. இடது முட்டி நொறுங்கியிருந்தது. நான்தான் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் வலியில் முனகியவர், ஸ்ட்ரெச்சரில் படுத்ததும் என்னைப் பார்த்துச் சொன்னார்: "யக்கா, நீங்க பயப்படாதீங்க. சாமி கும்பிடுதேன்னு நான்தான் கைய எடுத்துட்டேன். தப்பு எம்மேலதான்."

போலீஸ்காரர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு என்னிடம் கேட்டார். "திருப்பத்தில் வந்தேன். அவர் எதிரே வந்தார்," என்றேன். பொய் இல்லை, அப்பா. ஆனால் உண்மை அதில் பாதிகூட இல்லை.

மறுநாள் மணி அண்ணன் வீட்டுக்கு வந்தார். உங்கள் காலத்திலிருந்து நம் வண்டிக்கு இன்ஷூரன்ஸ் போடுகிற அதே மணி அண்ணன்தான். எனக்கு நாற்பத்தெட்டு வயதாகிறது, அவருக்கு நான் இன்னும் பாப்பா.

"பாப்பா, என் தப்பு அப்படிங்கிற வார்த்தை உன் வாயில வரப்பிடாது, கேட்டியா. பாலிசியிலயே போட்டிருக்கு. கம்பெனியக் கேக்காம ஒத்துக்கிட்டா அவன் கைய விரிச்சிருவான்."

"அந்த ஆளோட கால், அண்ணே?"

"சவத்த விடு, அவனே என் தப்புன்னு எழுதிக் குடுத்தாச்சுல்லா? ஒன் பேர்ல ஒரு கேஸும் நிக்காது. பிள்ளையார் ஒன்னக் காப்பாத்திட்டாரு. ஒரு தேங்கா ஒடச்சிரு."

எனக்கு நிம்மதியாக இருந்தது. இதையும் உங்களிடம் மறைக்கப்போவதில்லை. இரண்டு நாள் நன்றாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் அந்தப் பக்கம் நடந்து போனேன். உடைந்த சிமென்ட் பையிலிருந்து கொட்டியது மழையில் நனைந்து, தார்மேல் இறுகிப்போயிருந்தது. ஒரு முறம் அளவுக்கு வெள்ளைத் திட்டு. வண்டிகள் அதன்மேல் ஏறிப் போயும் அது அசையவில்லை. அது இருந்தது சாலையின் நடுவில்கூட இல்லை, முழுக்க அவர் வர வேண்டிய பக்கத்தில். அந்தப் பக்கத்து நடைபாதை ஓரத்திலிருந்து என் காலடியால் அளந்து பார்த்தேன். மூன்று அடி வைத்தால் திட்டு வந்துவிடுகிறது. பள்ளி மாணவிகூட அதைப் பார்த்து யார் எங்கே இருந்தார் என்று சொல்லிவிடுவாள். நான் போனில் படம் எடுத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன்.

செல்வராஜுக்கு முட்டியில் தகடு வைத்து ஸ்க்ரூ முடுக்கினார்கள். எக்ஸ்ரேயை அவர் மனைவி பேச்சியம்மாள் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். எனக்கு நம் கடைதான் நினைவுக்கு வந்தது. அட்டக்குளங்கரைக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருக்கிறார்கள். நான் ஆரஞ்சுப் பழத்தோடு போய் அசட்டுத்தனமாக உட்கார்ந்திருந்தேன்.

"கால் ஒடிஞ்சு கெடக்கையில போலீஸ்கிட்ட சாமி கும்பிட்ட கதைய எவனாவது சொல்லுவானா டீச்சர்?" என்றாள் பேச்சியம்மாள்.

"கேட்டாங்க. சொன்னேன்," என்றார் செல்வராஜ் கூரையைப் பார்த்து.

"ஆமா, பெரிய அரிச்சந்திரன். இந்த வாய்தான் கல்யாணத்துக்கு முன்னாடி எங்கப்பாட்ட பீடியே தொடமாட்டேன்னுச்சு."

அவர் சிரித்தார், சிரித்ததில் முட்டி வலித்து முகம் சுருங்கியது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "டாக்டர் இனிமே குத்தவைக்க முடியாதுங்காரு. தரை வேலை பாக்குறவனுக்கு முட்டிதானக்கா மொதல்ல."

அந்த அறையில்கூட நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு எப்போதும் பேச்சுக் குறைவு என்று நீங்கள் பெருமையாகச் சொல்வீர்கள். அன்று அது பெருமையாக இல்லை.

இல்லாதவர்களுக்குக் கோர்ட்டிலேயே இலவசமாக வக்கீல் கிடைக்கும் என்று ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர் சொல்லியிருக்கிறார். பேச்சியம்மாள் போய் விசாரித்தாள். ஷீபா என்ற வக்கீலைக் கொடுத்தார்கள். அவர் நஷ்டஈடு கேட்டு, கம்பெனிமேலும் என்மேலும் வழக்குப் போட்டார். நோட்டீஸ் வந்த அன்று பேச்சியம்மாள் போனில் அழாக்குறையாகப் பேசினாள்: "தப்பா நெனைக்காதீங்க டீச்சர். வண்டிக்காரங்க பேர் இல்லாம கேஸ் இல்லேன்னு வக்கீலம்மா சொல்லிட்டாங்க." என்மேல் வழக்குப் போட்டதற்கு அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்!

ஷீபாவைக் கோர்ட்டு வாசலில் பார்த்தேன். மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிற, அவசரமான பெண். "டீச்சரே, கேஸ்ல நீங்க எதிர்க்கட்சி. உங்களுக்கு உபதேசம் பண்ண எனக்குப் பாடில்ல, கூடாது," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, "ஆனா கேஸோட கஷ்டம் என்னன்னு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். கார் ஓட்டினவங்க பக்கம் தப்பு இருந்தாத்தான் கம்பெனி கொடுக்கணும். எங்க ஆளு முதல் நாளே தப்பு தன்னோடதுன்னு சொல்லியாச்சு. நான் எதை வச்சு வாதாடறது, சொல்லுங்க?" என்றார்.

அங்கேதான் எனக்கு விளங்கியது. நான் அதுவரை தலைகீழாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் தப்பு என்றால் நான் அழிந்தேன் என்று நினைத்தேன். இங்கே என் தப்பு என்றால்தான் அவருக்கு வழி பிறக்கிறது. நான் சுத்தமானவளாக நின்றால் அவர் வெறுங்கையோடு, நொண்டிக்கொண்டு தென்காசிக்குப் பஸ் ஏற வேண்டும். ஏழை ஒருவர் தனக்கு எதிராகச் சொன்ன உண்மைக்கும், படித்தவள் ஒருத்தி தனக்காகச் சொல்லாமல் விட்ட உண்மைக்கும் நடுவில் ஒரு முட்டி மாட்டிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து பாலிசியை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தேன். கம்பெனியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் பொறுப்பேற்கவோ, பணம் தருவதாக வாக்குக் கொடுக்கவோ கூடாது என்று இருந்தது. நீதிபதி கேட்டால் நடந்ததைச் சொல்லக்கூடாது என்று எங்கேயும் இல்லை. மணி அண்ணனுக்குப் போன் செய்து வரி எண்ணோடு வாசித்துக் காட்டினேன்.

"அந்தக் காயிதத்த நெசமாவே படிச்சியா பாப்பா? இத்தன வருசத்துல நீதான் மொத ஆளு," என்றார்.

ஷீபா என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார். எனக்கு முன்னால் செல்வராஜ் ஏறினார், ஊன்றுகோலோடு. கம்பெனி வக்கீல் ஒரே கேள்விதான் கேட்டார், ஒரு கை ஹேண்டில்பாரில் இல்லை, சரிதானே என்று. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யார் பார்த்தார்கள்? ஷீபா கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். பேச்சியம்மாள் முந்தானையைக் கடித்தாள். அவர் தமிழிலேயே சொன்னார்: "ஆமா சார். பிள்ளையாரக் கும்பிட்டேன்." ஏதோ நேரம் என்ன என்று கேட்டதற்குப் பதில் சொன்ன மாதிரி.

எனக்கு உடம்பு சிலிர்த்தது, அப்பா. நான் எதற்கும் எளிதில் சிலிர்க்கிறவள் இல்லை. கோயில் நடை திறக்கும்போது உங்களுக்குக் கண் நிறையும், நான் பக்கத்தில் நின்று மணியடிக்கிறவரின் கைவேகத்தைக் கவனித்துக்கொண்டிருப்பேன். அன்று ஒரு மனிதர் தன் காலையே தூக்கி உண்மையின் முன்னால் வைத்துவிட்டு, அது பெரிய காரியம் என்று தெரியாமலே கூண்டிலிருந்து இறங்கிப் போனார். நடை திறந்தபோது உங்களுக்கு நேர்ந்தது இதுதானா?

பிறகு நான் ஏறினேன். "என் கையும் நெற்றியில்தான் இருந்தது," என்றேன்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். "நீங்கள் பிசிக்ஸ் படித்தவர். கடவுள் நம்பிக்கை உண்டா?"

"இல்லை."

"நம்பிக்கை இல்லாதவர் கும்பிட்டாராம்! மனுதாரர்மேல் இரக்கப்பட்டுப் பொய் சொல்கிறீர்கள்."

"என் அப்பா கும்பிடுவார். அவர் இறந்த பிறகு என் கை கும்பிடுகிறது. அது ஏன் என்று எனக்குத் தெரியாது," என்றேன். கோர்ட்டில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு என் வாயிலிருந்து நான் யோசிக்காத ஒன்று வந்தது. "இரண்டு பேரும் கும்பிட்டோம். அவர் தன் பாதையில் கும்பிட்டார். நான் அவர் பாதையில் கும்பிட்டேன்."

வெள்ளைத் திட்டைப் பற்றிச் சொன்னேன். படத்தைக் காட்டினேன். படம் எப்போது எடுத்ததோ என்றார் வக்கீல். நீதிபதி அம்மா வழக்குக் காகிதக் கட்டைப் புரட்டினார். விபத்து நடந்த அன்றே அந்த இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதிய மகஸர் அதில் இருந்தது. அவர் உரக்க வாசித்தார். வெள்ளைப் பொடி சிதறிக் கிடந்த இடம், சாலை ஓரத்திலிருந்து இத்தனை தூரம், எந்தப் பக்கம், எல்லாம் இருந்தது. முதல் நாளிலிருந்தே அந்தக் காகிதம் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. செல்வராஜின் வாக்குமூலம் கையில் இருந்ததால் வேறு எதையும் புரட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அதில் முதல் ஆள் நான்.

நேற்றுத் தீர்ப்பு. தப்பு முழுக்கக் காரின் பக்கம். கை ஹேண்டில்பாரில் இருந்திருந்தாலும் தன் பாதையில் வந்தவருக்கு ஒதுங்க இடம் இருந்திருக்காது, அதனால் அவருக்குரியதில் எதையும் குறைக்க வேண்டியதில்லை என்று எழுதியிருக்கிறார்கள். கம்பெனி கொடுக்க வேண்டும். நீங்களும் நானும், முகம் தெரியாத எத்தனையோ பேரும் வருஷா வருஷம் முணுமுணுத்துக்கொண்டே கட்டிய இன்ஷூரன்ஸ் பணம், ஒரு டைல்ஸ்காரரின் முட்டிக்குப் போய்ச் சேர்கிறது. நாம் ஆபீஸ் காரியம் என்று ஒதுக்கிவைத்த ஒன்றுக்குள் இப்படி ஒரு ஏற்பாடு இருந்திருக்கிறது! இத்தனை வயதில்தான் அதை நிமிர்ந்து பார்க்கிறேன்.

நான் கூண்டில் சொன்னதை வைத்துப் போலீஸ் என்மேலும் வழக்கு எழுதினார்கள். அபராதம் கட்டினேன். லைசென்ஸை மூன்று மாதம் எடுத்துவைத்துக்கொண்டார்கள். பஸ்ஸில் போனேன். மணி அண்ணன் தெருவெல்லாம் என்னைப் பைத்தியம் என்று சொல்லிவிட்டு, பேச்சியம்மாளின் வங்கிக் காகிதங்களை அவரே உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

செல்வராஜால் இனி குத்தவைக்க முடியாது. தீர்ப்பு அதை மாற்றவில்லை. நேற்றுக் கோர்ட்டு வாசலில் அவரைப் பார்த்தேன். அவர்தான் பேசினார்: "செவரு டைல்ஸ் நின்னுக்கிட்டே ஒட்டலாம்லாக்கா. பாத்ரூம் செவரு, அடுக்களை செவரு. ஊர்ல செவருக்கா பஞ்சம்?" பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்: "ஒங்கப்பா எந்தப் பிள்ளையாரு முன்னாடியும் அப்படித்தான் கும்பிடுவாரா?"

"அந்த ஒரு பிள்ளையாருக்கு மட்டும்தான்," என்றேன். ஏன் அந்த ஒருவருக்கு மட்டும் என்று உங்களிடம் நான் கேட்டதேயில்லையே, அப்பா.

லைசென்ஸ் திரும்பக் கிடைத்துவிட்டது. வெள்ளைத் திட்டு தேய்ந்து தேய்ந்து உள்ளங்கை அளவுக்கு இருக்கிறது. ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன். இனி அந்தத் திருப்பத்தில் என் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருக்கும். திருப்பம் தாண்டி, வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்கித் திரும்பி நடந்து வந்து, இரண்டு குட்டுக் குட்டிக்கொண்டு போவேன். யாரைக் கும்பிடுகிறாய் என்று மட்டும் கேட்காதீர்கள். பிள்ளையாரையா, உங்களையா, கூண்டில் "ஆமா சார்" என்ற அந்த மனிதரையா என்று எனக்கே தெரியவில்லை.

நெற்றியில் உங்கள் குட்டோடு,
உங்கள் மகள்
சுந்தரி