தம்பி கேட்ட ரத்தம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் கேட்கக் கூசுகிறது, அதனால் எழுதுகிறேன். பஸ் ஓட்டுநர்களுக்கு மறுபடி ரத்தப் பரிசோதனை. போன தடவை இரண்டு நாள் பட்டினி கிடந்து போயும் சர்க்கரை அதிகம் என்று வந்துவிட்டது. "என்னய்யா, டீசலுக்குப் பதிலா சீனிப்பாகுல ஓடுறியா?" என்று டிப்போ மேனேஜர் எல்லார் முன்னாலும் கேட்டார். இந்த முறையும் தேறாவிட்டால் வண்டியை விட்டு இறக்கிவிடுவார்கள். ரத்தக் குழாய்கள் உன் ஆய்வகத்துக்குத்தான் வருகின்றன. என் பெயர் ஒட்டிய குழாயில் உன் ரத்தத்தை வைத்துவிடேன். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே?

உன் தம்பி

மார்ச் 11

தம்பிக்கு,

பட்டினி கிடந்து யாரை ஏமாற்றுவாய்? மூன்று மாதம் நீ தின்ற, குடித்த சர்க்கரையெல்லாம் ரத்தச் சிவப்பணுவில் ஒட்டிக்கொண்டிருக்கும்; இந்தப் பரிசோதனை அதைத்தான் பார்க்கிறது. நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை, தூக்கத்தை விரட்ட சீனி அள்ளிப் போட்ட டீ. தொப்பை ஏற ஏற உடம்பு இன்சுலின் சொல்வதைக் கேட்காது. அதைச் சுரக்கும் கணையம் இரட்டை ஷிப்ட் பார்த்து ஓய்ந்துவிடும், நம்மைப் போல. அப்பா வழிச் சொத்து என்று நமக்கு வந்தது இந்த வியாதி ஒன்றுதான். எடையைக் குறைத்து, தினம் நடந்திருந்தால் தள்ளியாவது போட்டிருக்கலாம். இப்போதும் அடக்கி வைக்கலாம்.

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. பிறகு உன் பிள்ளைகள் முகம் வந்தது. யாரும் இல்லாத நேரம் பார்த்து என் கையிலிருந்து ரத்தம் எடுத்தேன். உன் பெயரை ஒட்டும் முன் மிஷினில் வைத்துப் பார்த்தேன். உன்னுடையதைவிட மோசம்.

ஊரார் ரத்தத்தையெல்லாம் பார்க்கிறவள், என்னுடையதை ஒருநாளும் பார்த்ததில்லை. கால் எரிந்தால், நின்றே வேலை பார்ப்பதால் என்று விட்டுவிட்டேன்.

உன் ரத்தத்தின் முடிவை உன் பெயரிலேயே அனுப்பிவிட்டேன். திட்டிக்கொள்.

அக்கா

மார்ச் 20

அக்காவுக்கு,

திட்டத்தான் பேனாவை எடுத்தேன். வரவில்லை. வண்டியை விட்டு இறக்கிவிட்டார்கள். சர்க்கரை அடங்கும் வரை டிப்போ வாசலில் காவல். சம்பளம் குறைவு. உட்கார நாற்காலி கேட்டேன். "நடய்யா, அதுக்குத்தானே இறக்கி விட்டிருக்கோம்" என்றார் மேனேஜர். நடக்கிறேன். ஒர்க்‌ஷாப் வரை போவதற்குள் மூச்சு வாங்குகிறது. டீயில் சீனி இல்லாமல் வாய் கசக்கிறது.

உன்மேல் கோபம் இன்னும் போகவில்லை. அது கிடக்கட்டும். நீ டாக்டரைப் பார்த்தாயா? கடிதத்தில் எனக்குப் பாடம் நடத்தினாயே தவிர, அதைப் பற்றி ஒரு வரி இல்லை. வேறு எதையும் எழுதாதே. அதை மட்டும் எழுது.

தம்பி