கேதம் சொல்லாத வீடு

வேம்பங்குளம்,
14-6-1990, வியாழக்கிழமை.

சென்னையில் சட்டமன்ற உறுப்பினர் விடுதியில் இருக்கும் என் மகன் வேல்சாமிக்கு, மருமகள் சண்முகவள்ளியும் பேரக் குழந்தைகளும் உன்னோடு நலமாயிருக்க வேண்டி, உன் அய்யா மலையாண்டி எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. அதில் தேதி இல்லை. தபால் முத்திரையைப் பார்த்து ஐந்தாம் தேதி என்று தெரிந்துகொண்டேன். முப்பத்தோரு வருடம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தவனுக்குத் தேதியில்லாத காகிதத்தைக் கையில் பிடிக்கவே கூசுகிறது. இனியாவது போடு.

வருகிற 24-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நம்மூர்க் குடிநீர்த் தொட்டியைத் திறக்க வருவதாகவும், ஊர் எல்லையிலிருந்து மேளத்தோடு அழைத்துவர ஏற்பாடு செய்யும்படியும் எழுதியிருந்தாய். அந்த ஏற்பாட்டை என்னால் செய்ய இயலாது. அன்றைக்கு ஊரில் பதினாறாம் நாள் காரியம் இருக்கிறது. உன் சின்னாத்தா கருத்தம்மாள் 9-ஆம் தேதி சனிக்கிழமை காலையில் காலமாகிவிட்டாள்.

இந்தச் செய்தி உனக்கு இந்தக் கடிதத்தால்தான் தெரிகிறது என்பது எனக்குத் தெரியும். உன் தாய் 1951 டிசம்பரில் டைபாய்டு காய்ச்சலில் படுத்திருந்தபோது, தன் பிள்ளைக்கு ஒரு பக்கமும் உனக்கு ஒரு பக்கமுமாகப் பால் கொடுத்தவள் அவள். அவளுடைய பாடைக்குத் தோள் கொடுக்க வேண்டியவன் நீ. உனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை. அன்று நான் இராமநாதபுரம் போயிருந்தேன். எதற்காக என்பதைக் கடைசியில் எழுதுகிறேன், அவசரமில்லை. சாயங்கால பஸ்ஸில் திரும்பி வந்தபோது ஊருணிக் கரையில் ஆண்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

நம்மூரில் சாவு விழுந்தால் கேதம் சொல்லப் போகிறவன் நம் பங்காளி பால்சாமி. அன்று உயிர் பிரிந்ததும் சைக்கிளை எடுத்தவன் வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை செய்யும் அவள் பேரன் வரைக்கும் சொல்லியிருக்கிறான். தேர்தலில் உன்னிடம் தோற்றுப்போன முனியசாமிக்கும் சொல்லியிருக்கிறான். அவர் டவுன் பஸ்ஸில் வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மயானம் வரை தூக்கிப் போயிருக்கிறார். நான் இருந்த ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் பால்சாமி போயிருக்கிறான். உள்ளே வரவில்லை. உனக்கு போன் செய்ய தபாலாபீசுக்கும் போகவில்லை.

மறுநாள் அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். கோபத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. “கோவிச்சுக்கிறாதீக பெரியப்பா. ஒங்களுக்குச் சொன்னா ஒங்க மகனுக்குப் போயிரும். பாண்டியம்மாளுக்கு நடந்தது கருத்தம்மாளுக்கு நடக்கக் கூடாதுன்னு ஊரே சேந்து எடுத்த முடிவு” என்றான்.

என்ன நடந்தது என்று நீ கேட்கலாம், உனக்கு மறந்திருக்கும். 4-5-1989, கத்திரி வெயில் தொடங்கிய நாள். வடக்குத் தெரு பாண்டியம்மாள் இறந்ததும், இராமநாதபுரத்திலிருந்த நீ, “நான் வாரேன், எடுத்துறாதீக” என்று ஆள் அனுப்பினாய். காலை பத்து மணிக்கு எடுக்க வேண்டிய பிணம் மாலை ஐந்து மணி வரை வெயிலில் கிடந்தது. மாரடித்த பெண்களுக்குத் தொண்டை வற்றிவிட்டது. நான்கு கார்களில் வந்து இறங்கினாய். மாலை போட்டாய். போட்டோக்காரனுடைய விளக்கு எரியவில்லை என்பதற்காக, போட்ட மாலையை அவள் நெஞ்சிலிருந்து எடுத்து, இரண்டாவது முறை போட்டாய்.

அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் கும்பிட்டார்கள். ஓர் எளிய மனிதன் அப்படிச் செய்திருந்தால் கையைப் பிடித்திருப்பார்கள். உன்னைக் கும்பிட்டார்கள். அதற்குப் பிறகு நம்மூரில் மூன்று சாவு. ஒன்றுக்கும் உனக்குச் செய்தி வரவில்லை. நீ வேலை மிகுதியில் கவனித்திருக்க மாட்டாய்.

எனக்கு ஊர்க்காரர்கள் மேலும் கோபம் தீரவில்லை. பால்சாமியிடம் சொன்னேன்: தவறென்றால் முகத்துக்கு நேரே சொல்வதுதானே, 1989 சனவரி 21-ஆம் தேதி வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவர்களும் நீங்கள்தானே, நாளைக்கே தேர்தல் வந்தாலும் அவனுக்குத்தானே போடுவீர்கள் என்று. அவன் கொஞ்சமும் தயங்கவில்லை. “போடுவோம் பெரியப்பா. தண்ணி வேணும், ரோடு வேணும், கலெக்டர் ஆபீசுல போயிப் பேச ஒரு ஆளு வேணும். மூஞ்சிக்கு நேரா சொன்னா தொட்டி வருமா? ஓட்டு வேற. கேதம் மனுசனுக்குச் சொல்றது” என்றான். அவன் மனைவி உள்ளேயிருந்து, “தோத்த மனுசன் பஸ்ஸுல வந்து தூக்குறாரு, செயிச்சவுகளுக்குக் கார் வந்தாத்தேன் கண்ணீர் வரும்” என்றாள். பக்கத்து வீட்டில் சிரித்தார்கள். நான் உன் தகப்பன் என்பது தெரிந்தேதான் சிரித்தார்கள்.

1977 முதல் நான்கு பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருக்கிறோம். முதல் மூவரைப் பற்றியும் இந்தத் தெருவில் இப்படிச் சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். நான்காமவன் என் மகன் என்பதால் இப்போது சிரிப்பு வரவில்லை.

24-ஆம் தேதி நீ கட்டாயம் வா. தொட்டியைத் திறப்பதை வேறொரு நாளுக்கு மாற்றிவிடு. ஒரு வருடம் காத்திருந்தவர்கள் ஒரு வாரம் காத்திருப்பார்கள். முதல் நாள் இரவு ரயிலில் கிளம்பி, பரமக்குடியில் இறங்கி, பஸ் பிடித்துத் தனியாக வா. பந்தலில் எல்லோரோடும் தரையில் உட்கார். யாரும் உன்னிடம் முதலில் பேசமாட்டார்கள். பேசவில்லை என்பதற்காக எழுந்துவிடாதே.

நான் இராமநாதபுரம் போனது நெஞ்சைக் காட்ட. மதுரைக்குப் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சேரும்படி டாக்டர் சொல்கிறார். 24-ஆம் தேதி கழியட்டும் என்று சொல்லி வந்துவிட்டேன். நீ பதற வேண்டாம். ஆனால் பால்சாமியிடம் ஒன்று கேட்டேன். எனக்கு ஏதாவது நேர்ந்தால் வேல்சாமிக்குக் கேதம் சொல்வாயா என்று கேட்டேன். சைக்கிள் செயினைத் துடைத்துக்கொண்டே, “அன்னைக்கு ஊரு என்ன சொல்லுதோ பாப்பம் பெரியப்பா” என்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீயும் உன் குடும்பமும் குறைவின்றி வாழ வேண்டும். என் ஆசி உங்களுக்கு எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
உன் அய்யா,
வே. மலையாண்டி.

பி.கு.: செய்தி உனக்கு வந்து சேர்ந்தால், நீ வரும் வரை என்னை வெயிலில் போட்டு வைக்கச் சொல்லாதே. மாலை வாங்கி வந்தால் ஒரு முறை போடு, போதும்.