சர்க்கரை என்றே சொல்லிவிடு

ஆரியசாலை, திருவனந்தபுரம்
15-10-2024

அன்புத் தம்பி சிவதாணுவுக்கு அக்கா எழுதுவது.

வீட்டுக்குப் போன் செய்தால் யார் எடுப்பார்களோ என்றுதான் உன் கடை விலாசத்துக்கு எழுதுகிறேன். நான் மெலிந்தது சர்க்கரையால் இல்லையாம், காசநோயாம். பெரிய இருமலும் இல்லை, ரத்தமும் இல்லை. கூடக் கணக்கெழுதும் ஷிஜா, "ஷுகர் உள்ளவர் மெலியும் சேச்சி, சாரமில்லா" என்று ஒன்றுமில்லாதது போலச் சொன்னாள். நானும் அப்படியே இருந்துவிட்டேன். எக்ஸ்ரேயில் நுரையீரலின் அடியில் நிழல் தெரிந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்குச் சிலசமயம் இப்படிச் சத்தமில்லாமல் வருமாம். காசநோய் மருந்து சர்க்கரை மாத்திரையின் வேகத்தைக் குறைப்பதால் இன்சுலின் ஊசியும் சேர்ந்துவிட்டது.

ஓணத்துக்கு வந்து உங்களோடு தங்கினேனே, எல்லோரும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முக்கியமாக நீ. நீயும் சர்க்கரைக்காரன். இங்கே அறையில் பேச்சுத்துணைக்கு ஆளில்லை, இரண்டு வரியாவது எழுது.

அக்கா
உலகம்மாள்

நாகர்கோவில்
24-10-2024

அன்பு அக்காவுக்கு,

கடிதம் கண்டு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மருந்தை விட்டுவிடாதே. ஆனால் யார் கேட்டாலும் சர்க்கரை என்றே சொல்லிவிடு. தையில் மகள் பொன்செல்விக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டார் காதுக்குப் போனால் பரம்பரை நோய் என்பார்கள். கௌசல்யாவிடமும் நான் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். எங்கள் யாருக்கும் இருமல் கிடையாது, கவலைப்படாதே.

தம்பி
சிவதாணு

ஆரியசாலை
20-12-2024

அன்புத் தம்பிக்கு,

உன் வீட்டுக்காரி கௌசல்யா போனில், "சோத்தக் கொறைங்க மைனி, பாவக்காச் சாறு குடிங்க" என்று அக்கறையாகச் சொல்கிறாள். டாக்டரோ முட்டையும் பருப்புமாக நன்றாகச் சாப்பிடச் சொல்கிறார். அவளிடம் சரி என்றுவிட்டு முட்டையை உரிக்கிறேன். சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது.

இப்போது சளியில் கிருமி இல்லை, யாருக்கும் ஒட்டாது என்றுவிட்டார்கள். என் மருமகள் கல்யாணத்துக்கு நான் வரலாமா? வேறு எங்கே போகப் போகிறேன்? நீ பரிசோதனைக்குப் போனாயா? அதைப் பற்றி எழுதவேயில்லை.

அக்கா
உலகம்மாள்

நாகர்கோவில்
30-12-2024

அன்பு அக்காவுக்கு,

நல்ல சேதி. பத்திரிகையில் உன் பெயரைப் போட்டாயிற்று. அத்தையாக முன்னால் வந்து நில். இந்தப் பேச்சை மட்டும் இங்கே எடுக்காதே. பரிசோதனையெல்லாம் கல்யாணம் முடியட்டும். நான் தினமும் நடக்கிறேன், வேட்டி இடுப்பில் நிற்கமாட்டேன் என்கிறது. மாப்பிள்ளைக்குத் தம்பி மாதிரி இருக்கிறேன் என்று வீட்டில் கேலி. சாயங்காலமானால் கொஞ்சம் உடம்பு சுடுகிறது, கல்யாண அலைச்சல்தான்.

தம்பி
சிவதாணு

ஆரியசாலை
4-1-2025

தம்பி,

உன் கடிதத்தை வாசித்தேன். எனக்கும் இப்படித்தான் தொடங்கியது.

இன்று காலையில் கௌசல்யாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "இத்தன நாளா எங்கிட்ட மறச்சிட்டியளே மைனி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அவள் உன்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போகாமல் விடமாட்டாள், எனக்குத் தெரியும்.

சம்பந்தி வீட்டாருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. இனி அந்த மண்டபத்தில் எனக்கு இடமில்லை என்பது தெரியும். வரவேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

கோபம் இருந்தால் எழுதவேண்டாம். எக்ஸ்ரே மட்டும் எடுத்துவிடு.

உன் அக்கா
உலகம்மாள்