கடலடிக் கோயிலில் கைதட்டல்

ததெயாமா,
ஜனவரி 11

அன்புத் தங்கை கியோமிக்கு,

தொண்டை வலி தீர்ந்ததா? காய்ந்த கானாங்கெளுத்தி அனுப்பியிருக்கிறேன். கோபத்தில் திருப்பி அனுப்பிவிடாதே.

புத்தாண்டன்று கடலடிக் கோயிலுக்கு நாம் இறங்கியபோது நடந்தது என் தவறுதான். சாமியைப் பார்த்ததும் வீட்டு மாடத்துக்கு முன்னால் உட்காருவதுபோல முழங்காலிட்டுவிட்டேன். மணல் கிளம்பி எல்லாம் இருண்டுவிட்டது. பயத்தில் கைக்கு அகப்பட்டதைப் பிடுங்கினேன். அது உன் வாயிலிருந்த காற்றுக்குழாய். மேலே வந்து இருமிக்கொண்டே, "இனிமே செத்தாலும் உன்கூட தண்ணிக்குள்ள வரமாட்டேன்க்கா" என்றாய். வேறென்ன சொல்வாய்?

முத்துக்குளிப்பவள் என்று நினைத்துக்கொண்டு இறங்கினால் போதாது என்று இப்போதுதான் புரிகிறது. முறையான பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன்.

உன் அக்கா,
ஃபுசாயே


நகானோ,
பிப்ரவரி 2

அக்கா,

மீன் கிடைத்தது. தொண்டை பரவாயில்லை.

ஐம்பத்தாறு வயதில் பயிற்சி எதற்கு? இங்கே மலைமேல் எத்தனையோ கோயில்கள் இருக்கின்றன. வந்து படியேறிக் கும்பிடு, கூடவே வருகிறேன். கடலுக்கு வரமாட்டேன்.

கியோமி


ததெயாமா,
செப்டம்பர் 20

அன்புக் கியோமிக்கு,

எங்கள் பயிற்றுநர் ஓபா உன் மகள் வயதுக்காரி. முதல் நாளே, "ஏம்மா இப்படிக் கையை ஆட்டுறீங்க? மீனெல்லாம் டாட்டா காட்டுறீங்கன்னு நினைச்சுக்கும்" என்றாள். மூழ்குவதற்காக இடுப்பில் கட்டியிருந்த ஈயத்தில் இரண்டு கிலோவைக் கழற்றினாள். குளத்தில் தரையும் தொடாமல் மேலேயும் போகாமல் நடுவில் மிதக்கச் சொன்னாள். இருபத்துமூன்று முறை குப்புற விழுந்தேன். வீட்டுக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு சிலிண்டர் காற்று ஜனவரியில் எனக்குப் பதினெட்டு நிமிடம் வந்தது, நேற்று நாற்பத்தொன்று.

காற்று தீர்ந்தால் பிடுங்கக் கூடாதாம், சைகை காட்டிக் கேட்க வேண்டுமாம். அதை மட்டும் நாற்பது தடவை பழகினேன்.

நேற்று கடலில் மூச்சை மெல்ல இழுத்தேன்; ஒரு சாண் உயர்ந்தேன். விட்டேன், ஒரு சாண் இறங்கினேன். கையும் காலும் அசையவில்லை. இத்தனை வருடமாக விட்ட மூச்சுக்குள் என்னைத் தூக்கிப் பிடிக்க ஒரு கை இருந்திருக்கிறது, கியோமி! பிரார்த்தனைகூட மறந்துபோய் அப்படியே மிதந்தேன்.

புத்தாண்டுக்கு வா. படகிலேயே உட்கார்ந்திருந்தாலும் சரி.

காத்திருக்கும்,
ஃபுசாயே


ரயிலிலிருந்து,
ஜனவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நேரில் சொன்னால் நீ அழுவாய், அப்புறம் நானும் அழுவேன். அதனால் எழுதுகிறேன்.

படகில் இருக்கிறேன் என்றுதான் வந்தேன். நீ தனியாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து மனம் கேட்கவில்லை, இறங்கிவிட்டேன். ஆனால் உன்னை நம்பி இறங்கவில்லை. குதித்த நிமிடம் முதல் வலது கையால் என் காற்றுக்குழாயை அழுத்திப் பிடித்திருந்தேன். நீயும் பார்த்தாய், பார்த்துவிட்டு ஒரு கை தூரம் தள்ளியே வந்தாய்.

கோயில் வாசலில் நீ நின்றாய். நின்றாய் என்றா சொல்வது? மணலுக்கு இரண்டு சாண் மேலே, தொங்கவிட்ட விளக்குபோல இருந்தாய். இரண்டு முறை தலை தாழ்த்தினாய். ஒரு துகள் எழவில்லை. நெற்றி புடைத்த பெரிய மீனொன்று வந்து உன் முகத்துக்கு நேரே நின்றது. நீயும் விலகவில்லை, அதுவும் விலகவில்லை. உன் மூச்சுக்குமிழிகள் மட்டும் வெளிச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தன. பிறகு, கோயிலில் கும்பிடும் முறைப்படி, இரண்டு முறை கை தட்டினாய். சத்தமே இல்லை. ஆனால் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

எவ்வளவு நேரம் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியாது. நினைவு வந்தபோது நானும் தட்டிக்கொண்டிருந்தேன், அக்கா. இரண்டு கைகளாலும்.

உன்,
கியோமி